ஒரு சங்கிலி அகலம்

முதல் நாள் கையுறை தந்தார்கள்.
இரண்டாம் நாள் முடிந்துவிட்டது,
கையைக் கழுவிக்கொண்டு வா என்றார்கள்.
சுவடிக்கூடத்துக் குழாயில் வந்தது
களனி ஆற்றுத் தண்ணீர் என்பதை
அப்போது நான் யோசிக்கவில்லை.

கேள்வி ஒன்றுதான்.
வெள்ளைக்காரன் காலத்தில்
இந்த வாய்க்கால் எத்தனை அடி அகலம்?
கேட்டவர் வடிகால் பகுதிப் பணிப்பாளர் வீரகோன்.
மூன்று மாத ஒப்பந்தம். பஸ் காசு தனி.

வரைபடம் கிடைக்கவில்லை.
கிடைத்தது மதகுக்காரனின் சுங்க ஏடு,
கறையான் தின்று மீந்த பதினொரு மாதம்.
நாற்பத்தொராம் படகு: செங்கல், ஆயிரத்து இருநூறு.
ஒன்பதாம் படகு: தேங்காய், தும்பு, கட்டிய ஆடு ஒன்று.
எழுபத்து மூன்று: வைக்கோல். அமிழ்வு ஓரடி.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
மிக்கேல் சந்தியோகு என்று ஒப்பம்.
ஆங்கில எழுத்துத்தான்,
ஆனால் ஒவ்வொன்றுக்கும்
தமிழ் எழுத்தைப்போல் ஒரு வயிறு.

இடையில் செருகியிருந்தது
கண்காணிப்பாளர் துரையின் கடிதம்:
எங்கள் நாட்டு வாய்க்கால்
நிலக்கரி சுமக்கும், எதிர்த்துப் பேசாது.
இங்கோ நாலு மணி மழைக்கே
கதவின்மேல் ஏறி வருகிறது.
பேர்மிங்ஹாமில் வார்த்த கீல்
ஆறே மாதத்தில் பொருக்காய் உதிர்கிறது.
வேறு கீல் அனுப்பவும்.
அனுப்பினார்களா என்று தெரியவில்லை.
அடுத்த கட்டு நனைந்து பாறையாகிவிட்டது.

சில படகு இலக்கங்களின் தலையில்
பென்சிலால் ஒரு புள்ளி.
ஈ எச்சம் என்று ஊதிப் பார்த்தேன்.
மூன்று வாரம் கழித்து, மதியச் சோற்றுக்குப் பிறகு
தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் பிடிபட்டது.
புள்ளி வைத்த படகெல்லாம் வெறும் படகு.
சுங்கம் இல்லை.
ஆனால் அமிழ்வு இரண்டடி.

வெறும் படகு ஒரு சாணுக்குமேல் அமிழாது.
செங்கல் ஏற்றினால்தான் இரண்டடி.
பொய்யைச் சரக்குக் கட்டத்தில் எழுதிவிட்டு
உண்மையை அமிழ்வுக் கட்டத்தில் விட்டுவைத்திருக்கிறான்.
காசு வாங்கினானோ, பயந்தானோ,
படகோட்டி மனைவியின் தம்பியோ,
ஏடு சொல்லவில்லை.
நல்லவன் என்று எழுத ஆசை வந்தது.
எழுதவில்லை.

கடைசி வாரம் வரைபடமும் வந்தது,
ஏதோ ஆஸ்பத்திரியின் பால் கணக்குக்குள்
தவறுதலாய்க் கட்டப்பட்டு.
அகலம்: ஒரு சங்கிலி.
நில அளவைக்காரர் சங்கிலி, அறுபத்தாறு அடி.

அளவு நாடாவோடு தெமட்டகொடைக்குப் போனேன்.
இன்றைய தண்ணீர் இருபத்தெட்டடி,
பொலித்தீனும் ஒரு கபரகொய்யாவும் உட்பட.
மீதி முப்பத்தெட்டில்
ஒரு சலூன், கணக்கு டியூசன் கொட்டகை,
மூன்று சமையலறை, ஒரு கொய்யா மரம்.
நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.
117/சி வீட்டு ஹிதாயா
மா பிசைந்த கையைத் துடைத்துவிட்டு வந்து பிடித்தார்.
"எதுக்குத் தம்பி, லைட் கம்பம் போடவா?"
"ஓம்" என்றேன்.

அவர் சுவரில் போன வைகாசி வெள்ளம்
இடுப்பளவுக்கு ஒரு கோடு விட்டிருந்தது.
இரண்டடி ஏழு அங்குலம். அதையும் அளந்தேன்.
வாய்க்காலை அகட்டினால் வீடு போகும்.
அகட்டாவிட்டால் வெள்ளம் வரும்,
இவருக்கும், வாய்க்காலைக் கண்டேயிராத
பின்தெரு முழுவதற்கும்.
தேத்தண்ணி தந்தார். குடித்தேன்.
சீனி கூட.

அறிக்கையில் ஒரு சங்கிலி என்றே எழுதினேன்.
ஒரேயொரு வளைவுக்கு மட்டும்
'மூல அளவு தெளிவில்லை.'
வரைபடத்தில் தெளிவாகத்தான் இருந்தது.
அந்த வரியின் தலையில்
பென்சில் தானாகக் குத்தி நின்றது.

வீரகோன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது என்ன, ஈ எச்சமா?"
"ஓம் சேர்."
நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.
பிறகு
அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.